பல்வேருக்குள் ஒரு தறிநூல்

என் வாயின் இடப்பக்கக் கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லின் இடம் காலியாக இருக்கிறது. பதினேழு வயதில் அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். வலித்தது, அப்பா வண்டியில் ஏற்றி ராஜபாளையத்துக்கு அழைத்துப் போனார், வாயைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். வேறு வழி உண்டா என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மருத்துவரும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் பல்லைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அன்று எல்லாரும் என்னிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த அன்பை நினைத்தால்தான் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பல் போன இடம் போனபடியே இருந்துவிடுவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னால் நின்ற பல், சில ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தது. மேல்வரிசையில் அதற்கு நேராக இருந்த பல், முட்டிக்கொள்ளக் கீழே எதுவும் இல்லாமல் மெல்ல இறங்கியது. மென்றால் உணவு சிக்கியது. சிக்கியதை எடுக்கப் போனால் ஈறு கிழிந்தது. இடப்பக்கம் மெல்வதையே விட்டுவிட்டேன். அதன்பின் வலப்பக்கத்தை மட்டும் நம்பிச் சாப்பிட்டேன். ஆகவே, இருபத்தாறாம் வயதில் வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியபோது, அதை வெறும் பல்வலி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதுவும் போனால், மெல்வதற்கு எனக்கு ஒரு பக்கமும் மிஞ்சாது.

செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் நான்கு விசைத்தறிகள். நான்கிலும் பேண்டேஜ் துணிதான் ஓடும். புண்ணுக்குக் கட்டும் அந்தச் சல்லாத்துணி, தறியைவிட்டு இறங்கும்போது பழுப்பாக, கஞ்சி விறைப்போடு இருக்கும். பிறகு லாரி ஏறி வேறோர் இடம் போய், வெளுத்து, கிருமி நீக்கி, உறையில் அடைபட்டுத்தான் மருந்துக்கடைக்கு வரும். அந்தப் பிற்பாதியை எங்கள் கொட்டகையில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எனவே எங்களுக்குத் துணி தறியிலேயே மருந்தாகிவிடும். வேலையில் கை கிழிந்தால், ஓடுகிற துணியிலிருந்தே ஒரு கீற்றைக் கிழித்துச் சுற்றிக்கொள்வது எங்கள் பகுதித் தறிக்கூடங்களில் வழக்கம். "ஊருக்கெல்லாம் கட்டுப் போடுத துணி, நமக்கு ஆகாதாக்கும்?" என்பார் அப்பா.

நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவள். ராஜபாளையத்தில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில், தறிக்கூடங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு உடல்நலக் கூட்டங்கள் நடத்துவது என் பணி. மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு அல்ல என்று ஊர் ஊராகச் சொல்லிவருபவள். அதைச் சொந்த வாயில் நிரூபிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

வேர் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன் என்று கொட்டகையில் நின்று அறிவித்தேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா ஒரு தறியை நிறுத்தினார். பக்கத்தில் தார்க்கட்டைகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அத்தையும் நிமிர்ந்தார். அத்தை, அப்பாவின் மூத்த அக்காள், எங்களோடுதான் இருக்கிறார்.

"பிடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாரு," என்றார் அப்பா. "ரூட் கெனால்னா நரம்ப உருவுவாகளாம். அது மூளைக்குப் போற நரம்பு. கண்ணு மங்கிப் போச்சுன்னா யாரு பாக்கது?"

"போன தடவை பிடுங்குனப்ப மட்டும் மங்கலையாப்பா?"

"அது பல்லோட போயிட்டு. இது பல்ல வெச்சுக்கிட்டு உசுர மட்டும் எடுக்கது. செத்த பல்ல வாயில வெச்சுக்கிட்டு திரியப் போறியா?"

"ஏட்டி, எனக்குப் பாதிக்கு மேல பிடுங்கியாச்சு," என்றார் அத்தை. "சோறு எறங்காமயா போச்சு?"

"நீங்க முறுக்க டீயில ஊறப் போட்டுல்லா திங்கிய."

"ஊறுனா என்ன? முறுக்கு முறுக்குதான்."

நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவதாகச் சொன்னேன். அங்கே ஒரு பல் மருத்துவர் படத்தைக் காட்டிப் பேசுகிறார் என்று கூட்டத்துக்கு வந்த ஒரு பெண் சொல்லியிருந்தார். அத்தை வாய்விட்டுச் சிரித்தார். "அந்த ஊரு பால்கோவாவுக்குப் பல்லே வேண்டாமேட்டி! பல்லக் காப்பாத்தணும்னு அங்க போற மொத ஆளு நீதான்."

சிரித்த வாயில் மேல்வரிசை ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. அத்தையின் பற்கள் ஒன்றும் தாமாக விழவில்லை, ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டவை. எங்கள் கொட்டகையிலும் பக்கத்துக் கொட்டகைகளிலும் வேலை செய்கிறவர்களின் வாய்களை எனக்குத் தெரியும். கூட்டங்களில் அவர்கள் எதிரே அமர்ந்துதான் நான் பேசுகிறேன். அவர்களுக்குப் பல் வலித்தால் பிடுங்குகிறார்கள். மேசையில் அமர்ந்து வேலை செய்கிறவர்களுக்குப் பல் வலித்தால் காப்பாற்றுகிறார்கள். செலவு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் செலவைப் பற்றிப் பேச்சு வருவதற்கு முன்பே, காப்பாற்றலாம் என்ற வாக்கியம் அவர்களிடம் சொல்லப்படாமலே போகிறது. அதை என் காதால் கேட்டே தீர்வது என்று பேருந்து ஏறினேன்.

மருத்துவமனை, தேர் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் இருந்தது. மருத்துவருக்கு ஏறக்குறைய என் வயதுதான். சாய்வு நாற்காலியில் என்னைப் படுக்கவைத்துவிட்டு விளக்கை இழுத்தார்.

"வாயத் திறங்க."

"என்ன செய்யப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க டாக்டர்."

"பாத்தாத்தானே சொல்ல முடியும்?"

அதில் நியாயம் இருந்தது. திறந்தேன். பார்த்தார், தட்டினார், எக்ஸ்ரே எடுத்தார். எடுத்து முடித்ததும் வாயை மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"இனிமே எனக்குப் புரிஞ்சாத்தான் திறப்பேன்."

"வெளியில ஆறு பேரு காத்திருக்காங்க."

"எனக்கு ஒரு பக்கந்தான் இருக்கு டாக்டர்."

அவர் என் இடப்பக்கக் கன்னத்தைப் பார்த்தார். உள்ளே இருந்த இடைவெளியைச் சற்றுமுன்தான் கண்டிருந்தார். ஒரு பெருமூச்சோடு கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

பல் உள்ளும் புறமும் ஒரே கல் அல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாயிற்று. வெளியே கடினமான ஓடு. அதற்குள் சற்று மென்மையான சுவர். நடுவே ஒரு சிறிய அறை. அந்த அறையிலிருந்து வேர்களின் நுனிவரை நூலளவுக் குழாய்கள் இறங்குகின்றன; என் பல்லில் மூன்று. அறையிலும் குழாய்களிலும் இருப்பது இரத்தநாளமும் நரம்பிழையும் கலந்த சதைக்கூழ். சொத்தை, வெளியோட்டையும் உட்சுவரையும் தின்று அறைக்குள் நுழைந்தால், அந்தக் கூழ் வீங்குவதற்கு இடமில்லாமல் உள்ளேயே அழுகும். பிறகு கிருமிகள் குழாய் வழியே இறங்கி வேர் நுனிக்கு வெளியே உள்ள எலும்பை அரிக்கும். படத்தில் என் பல்லின் பின்வேர் நுனியில் மிளகளவுக்கு ஒரு கருநிழல் இருந்தது. அந்த இடத்தில் இப்போது எலும்பு இல்லை என்றார்.

"அழுகின கூழை எடுத்துட்டு, குழாயக் கழுவி, நுனி வரைக்கும் அடைச்சுடுவோம். கிருமிக்கு இடம் இல்லாமப் போனா எலும்பு தானா வளரும். அவ்வளவுதான் ரூட் கெனால்."

"நரம்பு மூளைக்குப் போகுதுங்காங்களே?"

"எல்லா நரம்பும் மூளைக்குத்தான் போகுது. கால்ல முள்ளு எடுத்தா கண்ணா போகுது?"

"செத்த பல்லு எப்படித் தாங்கும்?"

"பல்லத் தாங்குறது உள்ள இருக்கிற கூழ் இல்லை. வெளியில, வேரைச் சுத்தி எலும்போட சேத்துக் கட்டியிருக்கிற நாரு. அது உயிரோடதான் இருக்கு."

"இது தோத்துப் போகுமா?"

அவர் திரையில் இருந்த கருநிழலை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். "போகலாம். எல்லாம் ஒழுங்காச் செஞ்சும் சில பல்லு தோத்திருக்கு. தோத்தா பிடுங்கிக்கலாம். பிடுங்குறத எப்ப வேணாலும் செய்யலாம். பிடுங்கினத மறுபடி நட முடியாது."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவிடம் யாரும் சொல்லாத வாக்கியம் அதுதான். வாயைத் திறந்தேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டார். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர்த் தாளை விரித்து, அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே நிறுத்தினார். துளையிட்டார். தலைமயிரினும் சற்றே தடித்த ஊசிகளைக் குழாய்க்குள் இறக்கி, நீளத்தை அளந்து, அந்த அளவுக்கு மேல் போகாதபடி ஊசியில் ஒரு சிறு ரப்பர் வளையத்தை நிறுத்திக்கொண்டார். அரம்போல் அவை உள்ளே உரசும் ஓசை தாடை எலும்பு வழியாகக் காதுக்கு வந்தது. பிறகு ஒரு திரவத்தைச் செலுத்திக் கழுவினார். அந்த நெடியை நான் அறிவேன். துணி வெளுக்கும் பட்டறைகளைக் கடக்கும்போது பேருந்துக்குள் வருகிற நெடி. முடிந்த பிறகு கேட்டேன். அதே இனத்து மருந்துதான், நீர்த்தது என்றார். என் அப்பாவின் துணியும் என் பல்லும் ஒரே மருந்தில் வெளுக்கப்படுவதை எண்ணிச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

குழாய்களுக்குள் மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தார். "பத்து நாள் கழிச்சு வாங்க. இன்னைக்கே வலி போயிடும். வலி போயிட்டா நிறையப் பேரு வர்றதில்ல. அங்கதான் எல்லாம் கெடுது. அந்தப் பக்கம் கடிக்காதீங்க. அடைப்பு விழுந்தா உடனே போன் பண்ணுங்க."

வலி அன்று மாலையே போயிற்று. அப்பா, "வலிதான் போயிட்டுல்லா, பொறவு எதுக்கு இன்னொரு தடவை?" என்றார். நான் அவருக்கு அறை, குழாய், நுனி என்று படம் வரைந்து காட்டினேன். சோழபுரத்துக் கூட்டத்திலும் பெண்களுக்கு அதே படத்தை வரைந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது என்ற நம்பிக்கை அந்த வாரம் முழுவதும் என்னோடு நடந்துவந்தது.

அந்தப் பக்கம் கடிக்காதீர்கள் என்று சொல்வது எளிது. எனக்கு வேறு பக்கம் இல்லை. ஏழாம் நாள் காலை, பழக்கத்தில் கடலைமிட்டாயை வலப்பக்கம் கடித்தேன். அடைப்பு பெயர்ந்து மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

தொலைபேசியில் அழைத்தேன். எடுப்பார் இல்லை. நாள்காட்டியைப் பார்த்தபோதுதான் ஆடிப்பூரத் தேரோட்டம் நினைவுக்கு வந்தது. தேரோடும் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரின் தெருக்களில் வண்டி நுழையாது. மாடியில் இருக்கும் மருத்துவமனை திறந்திருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

விளைவுகளை எண்ணிப் பார்ப்பது என் இயல்பு. சிலருக்கு அது எரிச்சலூட்டும். அன்றும் எண்ணினேன். துளையைத் திறந்துவிட்டால் சோறு நுழையும், எச்சில் நுழையும், கழுவியது வீணாகும். ஆகவே எதையேனும் வைத்து அடைக்க வேண்டும். எதை வைப்பது என்று கேட்டபோது என் கை தானாகவே கொட்டகைக்குப் போயிற்று. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்து தொங்கிய நூலில் ஒரு சாண் எடுத்தேன். மூன்றாக மடித்து முறுக்கி, கிராம்புத் தைலத்தில் நனைத்து, ஊக்கின் நுனியால் துளைக்குள் இறுக்கித் திணித்தேன். மருத்துவமனைக்குப் போகிற நூல்தானே என்று நினைத்ததுகூட இல்லை. நினைக்கத் தேவையில்லாத அளவுக்கு அது என்னுள் ஊறியிருந்தது. முதுகலைப் பட்டத்தோடு நான் செய்தது, கை கிழிந்தால் அப்பா செய்கிற அதே காரியம்.

மறுநாள் பிற்பகல் தாடை கனத்தது. அதற்கு மறுநாள் காலை கண்ணாடியில் வேறு யாரோ நின்றார்கள். வலக்கன்னம் கண்ணுக்குக் கீழே வரை உப்பியிருந்தது, காய்ச்சலும் இருந்தது.

"நரம்ப உருவுனா வீங்கத்தான் செய்யும். நான் சொன்னேன்லா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

மருத்துவர் விளக்கை இழுத்துப் பார்த்தார்.

"உள்ள என்ன வெச்சீங்க?"

"நூலு."

"என்ன நூலு?"

"பேண்டேஜ் நெய்யுற நூலு."

"வெளுத்ததா?"

"இல்ல. பாவு நூலு. தறியில அறுந்து போகாம இருக்கதுக்குக் கஞ்சி போட்டது."

"கஞ்சி." அவர் கையுறையைக் கழற்றி, மறுபடி புதிதாக ஒன்றை மாட்டினார். "நான் கழுவிக் காலி பண்ணி வெச்ச வீட்டுல, கிருமிக்கு இலை போட்டுச் சோறு வெச்சிருக்கீங்க."

வாயை அகலமாகத் திறந்தேன். அவர் திறந்துவிட்டதும் சீழ் வடிந்தது. தாடைக்குள் அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியது. நூலின் பெரும்பகுதி மேலாக வந்துவிட்டது. ஆனால் நான் ஊக்கால் திணித்ததில் ஒரு புரி பின்வேரின் குழாய்க்குள் இறங்கியிருந்தது. மருத்துவர் கருவிகளைக் கீழே வைத்தார்.

"வெளிப்படையாச் சொல்றேன். பஞ்சு நாரு வேர் நுனியத் தாண்டிப் போயிருந்தா, உடம்பால அதைக் கரைக்க முடியாது. அங்கயே கிடந்து உறுத்திக்கிட்டே இருக்கும். எவ்வளவு கழுவினாலும் ஆறாது. என்னைக் கேட்டா, இப்பவே பிடுங்கிடுறது நல்லது."

நாற்காலியில் படுத்தபடியே எனக்குப் பதினேழு வயதாயிற்று. மடித்த காகிதம், ஐஸ்கிரீம் எல்லாம் கண்முன் வந்தன. ஆனால் இம்முறை என்னிடம் அன்று இல்லாத ஒன்று இருந்தது.

"பிடுங்குறத எப்ப வேணாலும் செய்யலாம்னு நீங்கதானே சொன்னீங்க," என்றேன். வீங்கிய வாயில் சொற்கள் குழறின. "நூல எடுத்துப் பாக்கலாம் டாக்டர்."

"எடுத்தாலும் முழுசா வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எம்புட்டு வெச்சேன்னு எனக்குத் தெரியும். ஒரு சாண்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு சிறிய பெட்டியிலிருந்து வேறுவகை ஊசியை எடுத்தார். அதன் உடம்பெல்லாம் நுண்ணிய முட்கள். குழாய்க்குள் இறக்கி, மெல்லத் திருகி, வெளியே இழுத்தால், முள்ளில் நார் சுற்றிக்கொண்டு வரும். கதிரில் நூல் ஏறுவதுபோல் அது ஏறிவருவதை மேலே இருந்த விளக்கின் விளிம்பில் நிழலாகப் பார்த்தேன். முதலில் வந்த பெரும்பகுதியையும் பிறகு எடுத்த ஒவ்வொரு துணுக்கையும் வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தார். முள்ளூசி வெறுங்கையோடு திரும்பத் தொடங்கியதும் நிறுத்தினார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். கையுறை கேட்டு வாங்கிக்கொண்டு, துணுக்குகளை இடுக்கியால் நீவி ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தேன். தறிக்காரன் மகளுக்கு இதைச் செய்ய யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அறுந்த முனை எது, வெட்டிய முனை எது என்று பார்த்தாலே தெரியும். சேர்த்து முடித்து, அதன்மேல் என் சாணை விரித்துவைத்தேன். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரலுக்குப் போய்ச் சேரும் முன்பே நூல் முடிந்துவிட்டது. ஓர் அரிசியின் நீளம் குறைந்தது.

"கழுவின தண்ணியில போயிருக்கலாம்," என்றார் மருத்துவர். "நீங்க முழுங்கியிருக்கலாம். உள்ள இருக்கலாம்."

"உள்ள இல்லாமலும் இருக்கலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்ததை முகமூடிக்கு மேலே கண்களில் பார்த்தேன். மருந்து வைத்து, இம்முறை உறுதியாக அடைத்து, மாத்திரைகள் எழுதினார். "ரெண்டு வாரம். வீக்கம் வத்தணும். தட்டினா வலிக்கக் கூடாது. குழாய் காய்ஞ்சிருக்கணும். மூணுல ஒண்ணு தப்பினாலும் பிடுங்கிடுவேன். அன்னைக்கு நீங்க கேள்வி கேக்காம வாயத் திறக்கணும்."

"கேள்வியும் கேப்பேன். வாயையும் திறப்பேன்."

மாத்திரை வாங்கிய மருந்துக்கடையிலேயே பேண்டேஜ் உருளைகள் நான்கு வாங்கினேன். உறை போட்டு, கிருமி நீக்கியது என்று அச்சிட்டவை. வீட்டுக்கு வந்து, கொட்டகையில் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்து ஆணியில் பையோடு மாட்டினேன்.

"என்னட்டி அது?" என்றார் அப்பா.

"பேண்டேஜ்."

"தெரியுது. பேண்டேஜ் நெய்யுதவன் வீட்டுக்குப் பேண்டேஜ் வெலைக்கு வாங்கிட்டு வந்திருக்க. வெளிய தெரிஞ்சா ஊர்ல ஒருத்தனும் வாயால சிரிக்க மாட்டான்."

"வாயால சிரிக்கதுக்குப் பல்லுல்லா வேணும், தம்பி," என்றார் அத்தை.

தறிகளை நிறுத்தச் சொன்னேன். நான்கும் நின்ற பிறகு அந்தக் கொட்டகையில் பேசுவது, அந்நியர் வீட்டில் பேசுவதுபோல் இருந்தது. வீக்கத்துக்குக் காரணம் வேர் சிகிச்சை அல்ல, நம் பாவிலிருந்து நான் எடுத்துத் திணித்த நூல் என்று சொன்னேன். தறியைவிட்டு இறங்கும் துணி மருந்து அல்ல, வெறும் துணி என்றும், அதில் கஞ்சியும் தூசியும் நம் கையழுக்கும் இருக்கின்றன என்றும் சொன்னேன். அப்பாவின் முகம் கறுத்தது. என் பல்லைவிட அவருடைய துணியைப் பற்றி நான் சொன்னதுதான் அவரைத் தைத்தது.

"முப்பது வருசமா கட்டுதேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஆகாதது உங்க அதிர்ஷ்டம்பா. துணியோட சுத்தம் இல்ல."

அவர் தறியை ஓட்டினார். உரையாடலை முடிக்கத் தறியைப்போல் வசதியானது வேறில்லை.

அந்த வாரம் சோழபுரத்தில் கூட்டம் இருந்தது. விடுப்பு எடுத்திருக்கலாம். ஆனால் நான் போகாவிட்டால், வேர் சிகிச்சை செய்த பெண்ணுக்கு முகம் வீங்கிவிட்டது என்ற செய்தி மட்டும் எனக்கு முன்னால் போய்ச் சேரும். அடுத்து பல் வலிக்கும் ஒவ்வொருத்தியும் அதைக் கேட்டுப் பிடுங்கக் கொடுப்பாள். ஆகவே பாதி வற்றிய கன்னத்தோடு போய் எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தட்டிச் சிரித்தார்.

"படிச்ச பிள்ள, நீங்களே நூலத் திணிச்சிருக்கிய! பொறவு சொத்தைப் பல்லுல நாங்க நூலு திணிச்சதுல என்ன தப்பு?"

"தப்புதான்," என்றேன். "நீங்க செஞ்சதும் தப்பு. நான் செஞ்சது அதைவிடப் பெரிய தப்பு. படம் வரைஞ்சு காட்டிட்டுச் செஞ்சேன்லா."

சிரிப்பு அடங்கியது. அன்று வழக்கத்தைவிட அதிகமான கேள்விகள் வந்தன. இரண்டு பேர் தங்கள் பல்லில் இன்னும் நூல் இருப்பதாகச் சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் அந்த நாற்காலி. வீக்கம் வற்றியிருந்தது. வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் காம்பு முனையால் பல்லைத் தட்டினார்; வலிக்கவில்லை. தட்டலின் ஓசையை மட்டும் கேட்டேன். மூன்றாவது சோதனைக்கு, கூராகச் சுருட்டிய ஒரு மெல்லிய காகிதக் குச்சியைப் பின்வேரின் குழாய்க்குள் நுனிவரை இறக்கினார். சற்று நேரம் விட்டு வெளியே எடுத்து விளக்கில் காட்டினார். நான் கேட்பதற்கு முன்பே என் கண்ணெதிரே கொண்டுவந்தார். நுனி வெள்ளையாக, உலர்ந்து இருந்தது.

அன்றே குழாய்களை அடைத்தார். மரப்பாலில் செய்த இளஞ்சிவப்பு நிறக் கூம்புகளை ஒவ்வொன்றாக இறக்கி, சூடுபடுத்தி, நுனிவரை நிரப்பினார். புதிய எக்ஸ்ரேயில் என் பல்லுக்குள் மூன்று வெண்கோடுகள் தெரிந்தன. பின்வேரின் நுனியில் அந்த மிளகளவு நிழல் அப்படியே இருந்தது.

"எலும்பு வளர மாசக்கணக்காகும். மேல உறை போட்டுக்கலாம், இல்லேன்னா பல்லு பிளந்துடும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுப்போம். அந்த அரிசி நூல் உள்ள இருந்தா அப்பத் தெரியும்."

அந்தப் படத்தின் நகலை வாங்கி வந்து வீட்டில் காட்டினேன். அத்தை அதை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கருப்பு இன்னும் போகலியேட்டி?"

"போகல அத்தை. ஆறு மாசம் ஆகும். போகாமலும் இருக்கலாம்."

"அம்புட்டும் செஞ்சும் உறுதி இல்லையா?"

"பிடுங்கியிருந்தா உறுதி. பல்லு இல்லைங்கது உறுதி. அந்த உறுதி எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

அத்தை படத்தைத் திருப்பித் தரவில்லை. தன் கன்னத்தின் உள்ளே நாக்கால் எதையோ தடவிக்கொண்டே, வெண்கோடுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் வைத்து எண்ணினார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் நிழல் சிறுத்திருந்தது, மறையவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்பா இன்றும் கை கிழிந்தால் தறியிலிருந்துதான் கிழிக்கிறார். நான் அதை அவிழ்த்து, கழுவி, ஆணியில் தொங்கும் பையிலிருந்து ஓர் உருளையைப் பிரித்துக் கட்டுகிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறார். பை காலியாகக் காலியாக வாங்கி மாட்டுகிறேன். அந்த அரிசியளவு நூல் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வறுத்த கடலை தின்றுகொண்டிருக்கிறேன், வலப்பக்கமாக.